வாக்குத்தத்தமும் வலது காலும்

வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துச் சொல்லும் பைபிள் உமன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி சபையில் கேட்டார்கள். எந்தப் பாட்டில் தொடங்குவது, வீட்டுக்கார அம்மா டீ போட எழுந்து போனால் வாசிப்பை நிறுத்துவதா தொடர்வதா என்றெல்லாம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. நாலு வீடு ஏறி இறங்கினால் அதெல்லாம் தானாக வந்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. என்றாவது ஒருநாள் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முன்னால் நிற்பீர்கள். ஒரே ஒரு வசனத்தை அவர் எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார் என்பதில் அவர் உயிர் மாட்டிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது கை கால் ஓடாது. எனக்கும் ஓடவில்லை. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து நானே எத்தனை முறை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன் தெரியுமா?

என் ஊழியம் முழுக்க ஷிப்டுக்காரர்களோடுதான் ஓடியது. முதலில் கும்மிடிப்பூண்டி, பிறகு திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் எஸ்டேட். முதல் ஷிப்டு முடித்தவன் தூங்கி வழிந்துகொண்டு வருவான். அடுத்த ஷிப்டுக்குப் போகிறவன் பாதி வாசிப்பில் எழுந்து ஓடுவான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் கிரீஸ் நாற்றம் போகாது. ஆனால் வேதப் புத்தகத்தை மட்டும் ஜிப் வைத்த உறைக்குள் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வருவார்கள். பக்தி குறைவு என்று அவர்களை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பக்தி ஏராளம். வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பழக்கம்தான் கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பையன், கம்பெனி மாறலாமா வேண்டாமா என்று ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தான். விரல் விழுந்த இடம் வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் பிறந்தார், அவருக்கு இன்னார் பிறந்தார் என்று பக்கம் முழுக்கப் பிறப்புதான். அவன் கம்பெனியை மறந்துவிட்டு, ஆண்டவர் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்கிறார் என்று வீட்டில் போய்ச் சொன்னான். ஏற்கெனவே மூன்றை வைத்துக்கொண்டு அல்லாடிக்கொண்டிருந்த அவன் மனைவி, அடுத்த வாரம் என்னைத்தான் பிடித்து உலுக்கினாள். "இன்னாக்கா சொல்லிக் குடுக்குறீங்க இவனுக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அன்றைக்கு நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். காக்களூரில் சிரிக்க முடியவில்லை.

தேவராஜ் காக்களூரில் பவர் பிரஸ் ஓட்டுபவர். வலது காலால் பெடலை மிதிக்க மிதிக்கத் தகடு வெட்டுப்பட்டு விழும் வேலை. எங்கள் ஞாயிறு சாயங்கால வேதபாடத்தில் அவர்தான் முதல் ஆள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பாடத்தில் வருகிற வசனம் அத்தனையும் மனப்பாடம். தப்பாகச் சொல்கிறவனைக் கிண்டல் செய்வார், அடுத்த நிமிஷமே தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுப்பார். அவர் மனைவி கஸ்தூரி பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். இந்துக் குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு சபைக்கு வர ஆரம்பித்தவள். கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள், வாய் திறக்கமாட்டாள்.

புது வருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் சுற்றி வருவது நம் சபைகளின் வழக்கம். ஆளுக்கு ஒன்று பார்க்காமல் எடுப்போம். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷம் முழுக்க நமக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு என்று வைத்துக்கொள்வோம். நானும் எடுப்பேன். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வருஷம் தேவராஜுக்கு வந்தது சங்கீதத்தில் உள்ள வசனம். கால் கல்லில் இடறாதபடி தேவதூதர்கள் கையில் ஏந்திக்கொள்வார்கள் என்கிற வசனம். பெடல் மிதிக்கிறவருக்குக் கால் வசனம். சபையில் எல்லோரும் சிரித்துக் கை குலுக்கினார்கள். அவர் அந்த அட்டைக்குக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டினார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வெயில் காலத்தில் ஒருநாள், கம்பெனித் தரையில் கிடந்த இரும்புச் சில்லு ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்தில் ஏறிவிட்டது. காலில் உணர்ச்சி மங்கிப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. ராத்திரி கஸ்தூரிதான் தரையில் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னாள். மெடிக்கலில் மருந்து வாங்கிப் போட்டார். மேலே தோல் மூடிக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆராதனையில் எழுந்துபோய், மைக் பிடித்து, வாக்குத்தத்தத்தின்படி ஆண்டவர் என் காலைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொல்லிவிட்டார். சபை கை தட்டியது. அன்றைக்கு நான் ஒரு வேலையாகக் கும்மிடிப்பூண்டி போயிருந்தேன். கூட்டத்து ஆட்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மேலே மூடிய தோலுக்கு உள்ளே சீழ் வைத்துக்கொண்டே போனது யாருக்கும் தெரியாது. ஒருநாள் காய்ச்சலில் பிரஸ் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். கம்பெனிக்காரர்கள் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். தகவல் கேட்டு நான் ஓடியபோது, அவர் கட்டிலைச் சுற்றி நம் கூட்டத்து ஆட்கள் கைகோத்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து, "இது வார்டா, சர்ச்சா?" என்று அதட்டிவிட்டுப் போனாள். பாட்டு கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. பவுடர் வாசனையையும் மீறி அந்தக் காலின் நாற்றம் அடித்தது. மூன்று விரல்கள் கறுத்துப்போயிருந்தன.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள். "இன்னிக்கே எடுத்தா முழங்காலுக்குக் கீழ எடுத்து ஆளைக் காப்பாத்தலாம். விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சிடுச்சி. நாளைக்கு வந்து கேட்டீங்கன்னா என்கிட்ட பதில் இல்ல. அவர் சுயநினைவோட இருக்காரு, வேணாம்னு சொல்றாரு. நான் கட்டிப் போட்டா அறுக்க முடியும்? நீங்க யாராவது சொல்லுங்க." சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

தேவராஜ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். காரணம் உங்களுக்குத் தெரியும், அந்த அட்டை.

கூட்டத்தில் மூத்தவர் சாமுவேல் அண்ணன் என்னை ஓரமாக அழைத்தார். அவரை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். அவர் மகன் டெங்குவில் கிடந்தபோது ராத்திரி பகலாக முழங்காலில் நின்றவர், பையன் பிழைத்தான். அதை மறக்க முடியாத மனுஷன் அவர். "அக்கா, தேவராஜ் விசுவாசத்துல உறுதியா கீறாரு. கஸ்தூரிதான் தடை. காலைலேருந்து ஜெபம் பண்றோம், ஒரு ஆமென் கூட வாய்லேருந்து வரமாட்டேங்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரிடம் ஒன்றும் சொல்லாமல் நேராகக் கட்டிலுக்குப் போனேன்.

"தேவராஜ், உன் கார்டுல இருக்குற வசனம் சங்கீதத்துல தவிர வேற எங்க வருது? சொல்லு பாக்கலாம்."

காய்ச்சலிலும் பதில் வந்துவிட்டது. "இயேசு சாமி வனாந்தரத்துல சோதிக்கப்பட்டப்ப வருதுக்கா."

"யார் சொல்றது?"

கொஞ்சம் தயங்கினார். "பிசாசு."

"இன்னாத்துக்குச் சொல்றான்? கோபுரத்துலேருந்து குதி, வசனம் உன்னைப் புடிச்சிக்கும்னு சொல்றான். ஆண்டவர் குதிச்சாரா? குதிக்கல. வாக்கு பொய்யின்னா குதிக்கல? வாக்கை வெச்சிக்கினு கடவுளைப் பரிச்ச பாக்கக் கூடாதுன்னு குதிக்கல. நீ இப்ப கோபுரத்து உச்சியில நிக்கிற."

சரியான பதில்தான். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் தேவராஜ் கண் சிவந்து, முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார். "அப்ப எனக்கு வந்தது பிசாசு கார்டாக்கா? ஆண்டவர் சந்நிதில எடுத்த கார்டு பிசாசு கார்டா?" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர் ஏதோ ரேஷன் கார்டு தகராறு என்று நினைத்து, "தாலுக்கா ஆபீசுல போய் மாத்திக்கலாம் நைனா, டென்ஷன் ஆவாத" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தேவராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமுவேல் அண்ணன், நான் அவர் விசுவாசத்தை உடைத்துவிட்டதுபோல என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி பாட்டை எடுத்தார்.

வராந்தாவுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நான் சொன்னதில் தப்பு எங்கே? பதில் சரி, ஆள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது. கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து, பொன்னேரியில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து, கஸ்தூரியின் அண்ணன் ஏழுமலை வந்து சேர்ந்தார். பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவர். கையில் தங்கைக்கு நாஷ்டாப் பொட்டலம். விஷயத்தைக் கேட்டதும் பொட்டலத்தைப் பெஞ்சியில் எறிந்தார்.

"யம்மா, நீங்கதான் இதுங்களுக்குப் பெரியவங்களாமே? கால எடுத்தா உங்க சாமி கோச்சிக்குமா?"

"கோச்சிக்காது."

"அப்ப இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வழி உடுங்க. மாப்ளைய அப்டியே தூக்கினு போய் மேஜ மேல போட்டுட்றேன். எவன் கேக்குறான்னு பாக்குறேன்."

கஸ்தூரி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாண்ணே. அவரு ஒத்துக்காம செஞ்சா அப்புறம் உயிரோட இருந்தும் புண்ணியமில்ல. என்கூடப் பேசவேமாட்டாரு." பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, அவரு வசனத்துக்குப் பயப்படல. வேற எதுக்கோ பயப்படறாரு. வீட்டுல இத்தினி நாளா என்னிய ரூமுக்குள்ளயே சேக்கல, தெரியுமா? தனியாப் படுன்னாரு. சாக்ஸ் கூட அவரே தொவச்சிக்கினாரு."

அதைக் கேட்டதும் நடப்பதை நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து நான் வசனத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உள்ளே போய், சாமுவேல் அண்ணனிடம், எல்லோரும் கொஞ்சம் வெளியே போங்கள் என்றேன். அவர் தயங்கினார். "அண்ணே, போங்க" என்று இன்னொரு முறை சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ, எல்லோரும் போய்விட்டார்கள்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "தேவராஜ், நான் வசனம் பேச வரல. கால் வலிக்குதா?"

"உணர்ச்சியே இல்லக்கா."

"எப்ப தெரிஞ்சிது, உள்ள ஆறலன்னு?"

சுவரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். சாட்சி சொன்ன மறுநாளே சாக்ஸில் ஈரம் பார்த்திருக்கிறார். கம்பெனிக் குழாயடியில் யாரும் இல்லாதபோது கால் கழுவியிருக்கிறார். நாற்றத்துக்குப் பவுடர் கொட்டியிருக்கிறார். மனைவிக்கு மூக்கில் பட்டுவிடும் என்று தனியாகப் படுத்திருக்கிறார். "மைக்குல சொல்லிட்டேனேக்கா. சபையே கை தட்டிச்சே. போய் டாக்டர்கிட்ட காட்டினா நான் பொய்யன்னு ஆவும். நான் பொய்யன்னா பரவால்ல, ஆண்டவர் பொய் சொன்னாருன்னு ஆய்டுமே. என்னால அவருக்குக் கெட்ட பேரு வரணுமா?"

பிள்ளைகளே, இதுதான் விஷயம். காலைக் காப்பாற்றுவதற்காக அவர் படுத்துக்கிடக்கவில்லை. கடவுளின் மானத்தைத் தன் காலை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நமக்குள்ளேதான் இப்படி ஒரு தப்பு நடக்கும். சுகம் வந்ததும் சாட்சி சொல்வது போய், சாட்சி சொன்னால் சுகம் வந்துவிடும் என்று ஆக்கிவைத்திருக்கிறோம். சொன்னபிறகு சுகம் வரவில்லையென்றால் அந்த ஆள் எங்கே போவான்? அவனுக்கு வாசலே இல்லை. இவருக்கு இப்போது வேண்டியது விளக்கமா, வாசலா?

தலையணைக்கு அடியில் இருந்த அவர் வேதத்தை எடுத்தேன். விளிம்பில் தங்கப் பூச்சுப் பூசிய புத்தகம். சங்கீதத்தில் பாதிப் பக்கங்கள் விரல் பட்டுப் பட்டு மங்கியிருந்தன, வண்ணப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நான் தேடிய பக்கம் வரவில்லை. புரட்டினால் இரண்டு தாள் சேர்ந்தே வந்தது. அச்சகத்தில் ஒட்டிய தங்கப் பூச்சு அப்படியே இருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை அவர் திறக்கவே இல்லை. நகத்தால் மெல்லப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன்.

சங்கீதங்கள் எல்லாம் அழுகையில் தொடங்கினாலும் ஸ்தோத்திரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நான் பிரித்துக் கொடுத்த அந்தச் சங்கீதம் மட்டும் அப்படி முடியாது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், நீர் முகத்தை மறைத்துக்கொண்டீர், கூட இருந்தவர்களும் போய்விட்டார்கள் என்று புலம்பிக்கொண்டே போய், கடைசியில் இருட்டு என்ற இடத்தில் நின்றுவிடும். ஆறுதலாக ஒரு வரி கிடையாது. இதை யாரும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கமாட்டார்கள்.

தேவராஜ் உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மிச்சம் அங்கே இருக்கும் என்று நினைத்திருப்பார்.

"அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதான்."

"யாருக்கா இத எழுதுனது? அவிசுவாசியா?"

"கோயில்ல பாடுனவங்க. ஜெபம் பண்ணத் தெரிஞ்சவங்க."

"அப்புறம் இத எடுத்துடலியா?"

"எடுக்கல. ஸ்தோத்திரப் பாட்டு பக்கத்துலயே வெச்சிக்கீறாங்க. ஆண்டவருக்குக் கெட்ட பேரு வரும்னு யாரும் மறைக்கல. உன் கார்டு வசனம் எந்தப் புஸ்தகத்துல கீதோ, அதே புஸ்தகத்துலதான் இதுவும் கீது. அதுவும் வேதம், இதுவும் வேதம். அவர் மானத்த அவர் பாத்துக்குவாரு. அதுக்கு உன் காலு வேணாம்."

அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. "பயமா கீதுக்கா" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. "காலு பூட்ச்சின்னா பிரஸ் ஓட்ட முடியாது. சபைல எப்படி உக்காருவேன்? இன்னா சொல்லுவேன்?"

"வர ஞாயித்துக்கெழம நான் எழுந்து நின்னு சொல்றேன். தேவராஜ் அன்னிக்குத் தெரிஞ்சத சொன்னான், உள்ள ஆறல, வெட்டி எடுக்க வேண்டியதாய்டுச்சி, அவனுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றேன். யாராவது எதாவது கேட்டா என்கிட்ட கேக்கட்டும்." சொல்லும்போதே தெரியும், சபையில் இது பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வேலை போனாலும் போகும் என்று. போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

டாக்டர் மறுபடி வந்து கதவருகே நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். தேவராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஸ்தூரிய வரச் சொல்லுங்க" என்றார்.

அவள் வந்து கால்மாட்டில் நின்றாள். அண்ணன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் சாமுவேல் அண்ணனும் மற்றவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் கஸ்தூரி, காலைலேருந்து எல்லாரும் எனக்காக ஜெபம் பண்றாங்க. நீ மட்டும் ஏன் ஒரு ஆமென் சொல்லல?"

கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத பெண் அவள். புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "அவங்க ஆபரேஷன் வேணாம் வேணாம்னு ஜெபம் பண்றாங்க. நீ செத்துப்போறதுக்கு நான் எப்படிய்யா ஆமென் சொல்லுவேன்?"

சாமுவேல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தேவராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரைப் பார்த்துக் கையை நீட்டினார். "பேனா குடுங்கம்மா."

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தியேட்டருக்குப் போகிற வழியில், கதவுக்கு முன்னால் டிராலியை நிறுத்தச் சொன்னார் தேவராஜ். ஜெபம் செய்யச் சொல்லி என்னைக் கேட்பார் என்று நானும் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன். சாமுவேல் அண்ணனும் கண்ணை மூடத் தயாராகிவிட்டார். ஆனால் தேவராஜ் தன் மனைவியைப் பார்த்தார். "நீ பண்ணு."

"எனக்குத் தெரியாதுய்யா."

"தெரிஞ்சத பண்ணு."

அவள் டிராலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடவில்லை, முட்டி போடவில்லை. குப்பத்தில் யாரோடோ சண்டைக்கு நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். "ஆண்டவரே, காலு வேணும்னா நீயே வெச்சிக்கோ. ஆள எனக்குத் திருப்பிக் குடு. குடுத்தே ஆவணும்" என்றாள். அவ்வளவுதான். ஸ்தோத்திரம் இல்லை, உமது சித்தம் இல்லை, நாமத்தில் கேட்கிறோம் என்பதும் இல்லை.

சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். இது சரியான ஜெபம்தானா, இதற்கு நாம் ஆமென் சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. இத்தனை வருஷம் வேதம் சொல்லிக்கொடுத்த நானும் முழித்துக்கொண்டு நின்றேன். தங்கை ஜெபித்ததற்கு ஒரு பதிலும் வராததைப் பார்த்து ஏழுமலை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் கோணிக்கொண்டு அழுகைக்கு வந்தது. அந்த வராந்தாவில் பாட்டுக்கும் ஜெபத்துக்கும் நடுவில் காதில் விழுந்த சொல்தான் அவருக்குத் தெரியும். கோயில் வாசலில் நிற்பதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பி, படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரலில், "ஆமென்!" என்றார்.

நர்ஸ் அதட்டவில்லை. கதவைத் திறந்து டிராலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆள் இருக்கிறார்.